குடியேற்ற, புகலிட ஆலோசகர்களுக்கு உயர்நிலைப் பயிற்சி

வேற்று நாட்டில் குடியேற விரும்புவோரும், உயிருக்கு அஞ்சி அங்கே புகலிடம் கோருவோரும் அந்நாட்டின் சட்டத்தை நேரடியாக அறிந்திருப்பது அரிது. விண்ணப்பப் படிவம் வேற்று மொழியில் இருக்கிறது. விதிகள் அடிக்கடி மாறுகின்றன. மேல்முறையீட்டுக்குரிய கெடு சில நாட்களில் முடிந்துவிடுகிறது. எனவே அவர்கள் ஆலோசகர் ஒருவரை நாடுகின்றனர். அந்த ஆலோசகருக்கு என்ன தெரியும், அவர் தவறு செய்தால் பொறுப்பேற்பவர் யார் என்னும் கேள்விகள் பல நாடுகளில் நீண்ட காலம் கவனிக்கப்படாமலே இருந்தன.

கடந்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகள் இத்தொழிலைச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டு வந்துள்ளன. முதலில் பதிவும் உரிமமும் கட்டாயமாக்கப்பட்டன. நாளடைவில் அவை மட்டும் போதா என்பது தெளிவாயிற்று. மோசடிக்காரரை உரிமமுறை விலக்கி வைக்கலாம். நேர்மை இருந்தும் போதிய அறிவு இல்லாத ஆலோசகரால் விளையும் கேட்டினைப் பயிற்சியே தடுக்க வல்லது. இந்த உண்மையைப் பிரிட்டனின் அனுபவம் நன்கு விளக்குகிறது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மாணவர்களும் தொழிலாளரும் வெளிநாடு செல்லும் இந்தியாவுக்கும் இதில் கற்றுக்கொள்ளத் தக்கது உண்டு.

பொறுப்பின் தன்மை

வருமான வரி ஆலோசகர் தவறு செய்தால் அவருடைய கட்சிக்காரர் அபராதம் செலுத்த நேரிடும். புகலிட ஆலோசகர் தவறு செய்தாலோ, எந்த நாட்டிலிருந்து ஒருவர் தப்பி வந்தாரோ அதே நாட்டுக்கு அவர் திருப்பி அனுப்பப்படுவார். பின்னர் தவறு கண்டறியப்பட்டாலும் அதனைச் சரி செய்ய வாய்ப்பு இல்லாமல் போகலாம்.

1951-ம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் அகதிகள் உடன்படிக்கையும், 1967-ம் ஆண்டில் அதனோடு சேர்க்கப்பட்ட நெறிமுறையும் அகதி என்பவர் யார் என்பதை வரையறுக்கின்றன. இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்டதொரு சமூகப் பிரிவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களுள் ஒன்றினால் தாம் துன்புறுத்தப்படுவோம் என்ற, தக்க ஆதாரமுள்ள அச்சத்தால் தம் நாட்டுக்கு வெளியே இருப்பவரே அகதி ஆவார். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து நேரக்கூடிய இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என உடன்படிக்கையின் 33-வது பிரிவு கூறுகிறது.

இந்த வரையறை எளிமையாகத் தோன்றினும் அதனை மெய்ப்பிப்பது கடினம். தப்பி ஓடி வருபவரிடம் பத்திரங்கள் இரா, சாட்சிகளும் இரார். பெரும்பாலான வழக்குகளில் அவர் கூறும் வரலாறே முதன்மையான சான்று. பிரிட்டனில் அவ்வரலாறு முதலில் சுருக்கமாகவும், பின்னர் விரிவான நேர்காணலிலும் பதிவு செய்யப்படுகிறது. இரண்டுக்கும் இடையே முரண்பாடு காணப்பட்டால், விண்ணப்பதாரர் நம்பத் தகாதவர் என்ற முடிவுக்கு அதுவே காரணமாக அமைந்துவிடுகிறது. ஆகவே ஆலோசகர் முதல் நாளில் செய்யும் பணி, வழக்கின் இறுதி வரை அதன் போக்கைப் பாதிக்கிறது.

பிரிட்டனில் சட்டம் வளர்ந்த விதம்

தக்க ஆதாரமுள்ள அச்சம் என்னும் சொற்றொடருக்குப் பொருள் யாது என்பதைப் பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1987-ம் ஆண்டு டிசம்பரில் முடிவு செய்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர்கள் இலங்கைத் தமிழர் அறுவர். விண்ணப்பதாரரின் மனத்தில் அச்சம் இருந்தால் மட்டும் போதாது. உண்மை நிலவரத்தைக் கொண்டு பார்க்கும்போது துன்புறுத்தல் நிகழ்வதற்கு நியாயமான அளவு வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அதனால் அவர்களுடைய கோரிக்கை தோற்றது.

அதன் பின் நிகழ்ந்தது கவனத்துக்குரியது. 1988-ம் ஆண்டு பிப்ரவரியில் இவ்விவகாரத்தோடு தொடர்புடைய ஐந்து தமிழர்கள் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் அங்கே இருக்க, பிரிட்டனில் அவர்கள் சார்பில் மேல்முறையீடு நடைபெற்றது. 1989-ம் ஆண்டில் அது அவர்களுக்குச் சாதகமாக முடிந்து, அவர்கள் மீண்டும் பிரிட்டனுக்குத் திரும்பினர். கட்சிக்காரர் கடல் கடந்த நிலையிலும் வழக்கை விடாமல் நடத்தும் திறமை இருந்தமையாலேயே இது கைகூடிற்று. புகலிடம் கோரும் ஒவ்வொருவருக்கும் பிரிட்டனில் இருந்தவாறே மேல்முறையீடு செய்யும் உரிமையை அளித்தது 1993-ம் ஆண்டுச் சட்டமாகும்.

மேல்முறையீட்டு உரிமை வந்தபின் ஆலோசகர்களின் தேவை பெருகிற்று. அக்காலத்தில் வழக்கறிஞர் அல்லாத எவரும் கட்டணம் பெற்றுக் குடியேற்ற ஆலோசனை வழங்க முடிந்தது. இந்நிலையை 1999-ம் ஆண்டின் குடியேற்ற, புகலிடச் சட்டம் மாற்றியது. தகுதி பெறாதவர் குடியேற்ற ஆலோசனையோ சேவையோ அளிப்பது குற்றம் என அது விதித்தது. இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை வழங்கவும் அதில் இடமுண்டு. குடியேற்றச் சேவைகள் ஆணையரின் அலுவலகம் அச்சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது. 2001-ம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்தது. 2025-ம் ஆண்டு ஜனவரி முதல் அவ்வலுவலகம் குடியேற்ற ஆலோசனை ஆணையம் என்ற பெயரில் இயங்கி வருகிறது. சாலிசிட்டர்களும் பாரிஸ்டர்களும் தத்தம் தொழில் அமைப்புகளின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள் ஆதலால் அவர்கள் இந்த ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லை.

கட்டணம் பெறாமல் உதவும் தொண்டு நிறுவனங்களுக்கும் இச்சட்டம் பொருந்தும் என்பது குறிப்பிடத்தக்கது. இலவசமாகக் கொடுக்கப்பட்ட தவறான ஆலோசனையும் தவறானதே என்ற நோக்கு இதில் அடங்கியுள்ளது.

மூன்று படிகள்

இந்த ஏற்பாட்டின் சிறப்பு, ஆலோசகரின் பணியைத் தகுதிக்கேற்ப மூன்று படிகளாகப் பிரித்திருப்பதாகும். முதற்படி ஆலோசனையும் உதவியும். விதிகளுக்குள் நேராக அடங்கும் விசா விண்ணப்பம் போன்ற எளிய பணிகள் இதில் சேரும். இரண்டாவது படி வழக்குப் பணி. சிக்கலான விண்ணப்பங்களையும் புகலிடக் கோரிக்கைகளையும் ஆயத்தம் செய்து உள்துறை அலுவலகத்துடன் தொடர்பு கொள்வது இதில் அடங்கும். மூன்றாவது படி வாதமும் பிரதிநிதித்துவமும். தீர்ப்பாயத்தின் முன் மேல்முறையீட்டை நடத்துவது இதற்குரிய பணி.

ஆலோசகர் தம் படிக்குரிய தகுதி மதிப்பீட்டில் தேற வேண்டும். தம் படிக்கு மேற்பட்ட பணியை அவர் ஏற்கலாகாது. அதற்குரிய தகுதி உள்ளவரிடம் கட்சிக்காரரை அனுப்பி வைக்க வேண்டும். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று உணர்வதும் ஒரு தகுதியே என்பதை இவ்விதி சட்டமாகவே ஆக்கியுள்ளது. மாவட்ட மருத்துவமனை தன்னால் இயலாத அறுவைச் சிகிச்சைக்கு நோயாளியைத் தலைநகர் மருத்துவமனைக்கு அனுப்புவதை இதற்கு ஒப்பிடலாம்.

அரசின் சட்ட உதவி நிதியிலிருந்து ஊதியம் பெற்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புகலிட வழக்குகளைக் கவனிப்பவர்களுக்கு மற்றொரு நிபந்தனையும் உண்டு. சாலிசிட்டர்களின் சட்டச் சங்கம் நடத்தும் குடியேற்ற, புகலிடத் தகுதித் திட்டத்தில் அவர்கள் தேறியிருக்க வேண்டும். உதவியாளர் நிலையில் தொடங்கி, முதுநிலை, உயர்நிலை என அதுவும் படிப்படியாக உயர்கிறது. பொது நிதியைச் செலவிடும் அரசு, அந்நிதியால் கிடைக்கும் சேவையின் தரத்தைக் கேட்பது இயல்பே.

உயர்நிலைப் பயிற்சியின் உள்ளடக்கம்

உயர்நிலைப் பயிற்சி என்பது சட்டப் பிரிவுகளை மேலும் சில சேர்த்து மனப்பாடம் செய்வதன்று. அதனை நான்கு துறைகளாக வகுத்துக் காணலாம்.

முதலாவது, தீர்ப்புகளின் வழியாகச் சட்டம் வளரும் போக்கினை அறிதல். குறிப்பிட்ட சமூகப் பிரிவு என்னும் தொடரை உடன்படிக்கை விளக்கவில்லை. கணவராலும் சமூகத்தாலும் ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட பாகிஸ்தானியப் பெண்கள் இருவரின் வழக்கில், அரசின் பாதுகாப்புக் கிடைக்காத நிலையில் பெண்கள் அத்தகைய பிரிவாகக் கருதப்படலாம் என்று பிரபுக்கள் சபை 1999-ம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தன்பாலின ஈர்ப்புடையவர் தம் இயல்பை மறைத்து வாழ்ந்தால் ஆபத்தில்லை என்று கூறி ஒருவரைத் திருப்பி அனுப்பலாகாது என உச்ச நீதிமன்றம் 2010-ம் ஆண்டில் கூறியது. இத்தீர்ப்புகளை அறியாத ஆலோசகர், வெற்றி பெறத்தக்க வழக்கைத் தொடக்கத்திலேயே கைவிட்டுவிடக் கூடும்.

இரண்டாவது, வாக்குமூலம் பெறும் முறை. இதுவே பயிற்சியின் உயிர்நாடி எனலாம். துன்புறுத்தப்பட்டவர் நிகழ்ச்சிகளை வரிசை மாறாமல் கூறுவார் என எதிர்பார்க்க இயலாது. சில நிகழ்ச்சிகளை வெட்கத்தாலோ அச்சத்தாலோ அவர் முதலில் கூறவே மாட்டார். கேள்வியை எப்போது கேட்பது, எப்போது நிறுத்துவது, பெண் கட்சிக்காரருக்குப் பெண் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது, பெற்றோரின்றி வந்த சிறுவரிடம் எவ்வாறு பேசுவது ஆகியவை கற்றுப் பழக வேண்டிய கலைகள்.

மொழியும் நாட்காட்டியும் விளைவிக்கும் சிக்கல்கள் தனிப் பாடமாகவே அமையத் தக்கவை. தமிழர் ஒருவர் பெரியப்பா மகனையும் அண்ணன் என்றே அழைப்பார். ஆங்கிலத்தில் அது உடன்பிறந்த தமையன் என்று பதிவாகும். அடுத்த நேர்காணலில் ‘உமக்கு உடன்பிறந்தோர் எத்தனை பேர்’ என்ற கேள்விக்கு அவர் உண்மையான விடையைச் சொன்னால், இரண்டு கூற்றுகளும் முரண்படுவதாகத் தோன்றும். எத்தியோப்பிய நாட்காட்டி, உலக வழக்கிலுள்ள நாட்காட்டிக்கு ஏழு, எட்டு ஆண்டுகள் பின்தங்கியது. ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருவோர் சூரிய ஹிஜ்ரி ஆண்டில் தேதியைக் குறிப்பிடுவர். தேதியை மாற்றிக் கணக்கிடுகையில் ஏற்படும் பிழை, கட்சிக்காரர் கூறிய பொய்யாகக் கருதப்பட்டுவிடும். வாக்குமூலத்தை அவருடைய மொழியிலேயே திரும்பப் படித்துக் காட்டி, ஒவ்வொரு உறவுமுறையையும் தேதியையும் சரிபார்க்க வேண்டும் என்று பயிற்சியில் வற்புறுத்துவது இதனாலேதான்.

மூன்றாவது, சான்றுகளைத் திரட்டுதல். சித்திரவதையை ஆராய்ந்து பதிவு செய்வதற்கான இஸ்தான்புல் நெறிமுறை 1999-ம் ஆண்டில் உருவாகி, 2022-ம் ஆண்டில் திருத்தப்பட்டது. அதனை அறிந்த ஆலோசகரே மருத்துவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க முடியும். தம் உடலிலுள்ள வடுக்கள் பழுக்கக் காய்ச்சிய உலோகக் கோல்களால் உண்டானவை என்று கூறிய இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், அவை வேண்டுமென்றே ஏற்படுத்திக் கொள்ளப்பட்டவையாக இருக்கலாம் என்ற ஐயம் எழுப்பப்பட்டது. வடுக்களின் தோற்றம் கூறப்பட்ட வரலாற்றோடு எவ்வளவு பொருந்துகிறது என்பது பற்றி மருத்துவர் கருத்துரைக்கலாம் என்று 2019-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நாட்டு நிலவரம் பற்றிய அறிக்கைகளைத் தேர்ந்தெடுப்பதும், மேல் தீர்ப்பாயம் வெளியிடும் நாட்டு நிலை வழிகாட்டுத் தீர்ப்புகளைக் கையாளுவதும் இத்துறையைச் சேர்ந்தவை. இலங்கையைப் பற்றி அத்தகைய தீர்ப்புகள் 2013-லும் 2021-லும் வெளிவந்தன.

நான்காவது, தொழில் ஒழுக்கம். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தாலும் அவர்களுடைய நலன்கள் வேறுபடலாம். இருவரையும் தனித்தனியே கேட்பது நன்று. மொழிபெயர்ப்பாளர் அதே ஊரைச் சேர்ந்தவராயின் இரகசியம் காப்பது கடினமாகும். கட்சிக்காரரின் கதையை அழகுபடுத்த முற்படும் ஆலோசகர், உண்மையான பகுதியையும் சேர்த்தே அழிக்கிறார். நாள்தோறும் துயர வரலாறுகளைக் கேட்கும் ஆலோசகரின் மனநலமும் பேணப்பட வேண்டும். அனுபவம் மிக்க மேற்பார்வையாளர் ஒருவர் அவருடைய கோப்புகளை அவ்வப்போது பார்வையிடுவது இருவகையிலும் பயன் தருகிறது.

மாறும் சட்டமும் தொடர் பயிற்சியும்

பயிற்சி ஒருமுறையோடு முடிவதன்று என்பதைப் பிரிட்டனின் அண்மைக்காலச் சட்டங்கள் உணர்த்துகின்றன. 2022-ம் ஆண்டின் தேசிய உரிமை, எல்லைகள் சட்டம், மெய்ப்பிக்கும் அளவையே இரு பகுதிகளாகப் பிரித்தது. 2022 ஜூன் 28-ம் தேதியும் அதன் பின்னரும் செய்யப்பட்ட கோரிக்கைகளில், விண்ணப்பதாரர் உண்மையாகவே அஞ்சுகிறாரா என்பது இருதரப்பு வாய்ப்புகளை எடைபோட்டு முடிவு செய்யப்பட வேண்டும் என்றாயிற்று. திரும்பிச் சென்றால் ஆபத்து நேருமா என்பதற்கு மட்டும் பழைய, குறைந்த அளவே நீடித்தது. ஒரே அலுவலகத்தில், ஒரே மேசைமீது இருக்கும் இரண்டு கோப்புகளுக்கு, தேதியைப் பொறுத்து இரு வேறு அளவுகள்!

2023-ம் ஆண்டில் சட்டவிரோதக் குடியேற்றச் சட்டம் வந்தது. புகலிடம் கோருவோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டம் சட்டத்துக்கு முரணானது என அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஏப்ரலில் அந்நாட்டைப் பாதுகாப்பானதாக அறிவிக்கும் சட்டம் நிறைவேறியது. ஜூலையில் ஆட்சி மாறியதும் திட்டமே கைவிடப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் பெற்ற சான்றிதழை மட்டும் நம்பி இத்தகைய காலத்தில் எவரும் ஆலோசனை கூற இயலாது. தொடர் தொழிற்பயிற்சி பதிவு பெற்ற ஆலோசகரின் கடமையாக விதிக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே.

கனடாவும் ஆஸ்திரேலியாவும்

கனடாவின் உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரல் 4-ம் தேதி வழங்கிய தீர்ப்பு வரலாற்றுச் சிறப்புடையது. நம்பகத் தன்மை கேள்விக்குள்ளாகும்போது, புகலிடம் கோருபவரை நேரில் விசாரிக்காமல் மறுக்கலாகாது என அது கூறிற்று. வழக்கைத் தொடுத்த எழுவரில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து சென்ற சீக்கியர்கள். அதன் விளைவாக 1989-ம் ஆண்டில் குடியேற்ற, அகதிகள் வாரியம் அமைந்தது. 2021 நவம்பர் முதல் ஆலோசகர்களைச் சட்டபூர்வமான கல்லூரி என்னும் தொழில் அமைப்பு ஒழுங்குபடுத்துகிறது. புதிதாக வருவோர் முதுநிலைப் பட்டயப் படிப்பை முடித்து நுழைவுத் தேர்விலும் வெற்றி பெற வேண்டும். வாரியத்தின் முன் தோன்ற விரும்புவோருக்குச் சிறப்புத் தகுதி வேண்டும்.

ஆஸ்திரேலியா 1992-ம் ஆண்டிலேயே முகவர்களின் பதிவைத் தொடங்கியது. வழக்கறிஞர் அல்லாதவர் அந்நாட்டின் குடியேற்றச் சட்டத்தில் முதுநிலைப் பட்டயமும், அதன்பின் தனித் தேர்வும் முடித்தே பதிவு பெற முடியும். பதிவைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் தொடர் பயிற்சி மேற்கொள்ள வேண்டும்.

எஞ்சியுள்ள குறைகள்

இந்த ஏற்பாடுகள் குறைபாடற்றவை அல்ல. பயிற்சிக்குச் செலவு உண்டு. அச்செலவு கட்டணத்தில் சேர்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 ஏப்ரல் முதல் பெரும்பாலான குடியேற்ற வழக்குகள் அரசின் சட்ட உதவியிலிருந்து நீக்கப்பட்டன. புகலிட வழக்குகள் தொடர்ந்து உதவி பெறுகின்றன. தகுதி பெற்றோர் எண்ணிக்கை குறைந்த பகுதிகளில், உரிமமற்றோரிடமே மக்கள் மீண்டும் செல்லும் அபாயம் உள்ளது. தரத்தை உயர்த்தும் அரசு, தகுதியுள்ளவர் போதிய எண்ணிக்கையில் கிடைப்பதற்கும் வழி செய்தாக வேண்டும்.

இந்தியாவின் நிலை

இந்தியா 1951-ம் ஆண்டு உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. எனினும் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு, குடிமக்கள் அல்லாதாருக்கும் உண்டு என 1996-ம் ஆண்டில் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. இத்துறையில் பயின்ற வழக்கறிஞர்களின் தேவை இங்கும் உண்டு.

ஆயினும் இந்தியரைப் பெரிதும் பாதிப்பது வெளிநாடு செல்வோருக்குக் கிடைக்கும் ஆலோசனையின் தரமாகும். 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர்களைப் பதிவுக்கு உட்படுத்திற்று. மாணவர் விசாவுக்கும் நிரந்தரக் குடியேற்றத்துக்கும் ஆலோசனை கூறுவோர் அதன் நோக்கெல்லைக்கு வெளியே நின்றனர். 2012-ம் ஆண்டில் பஞ்சாப் மாநிலம் பயண முகவர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. உரிமம், கண்காணிப்பு, தண்டனை ஆகியவையே இத்தகைய சட்டங்களின் முதன்மையான கருவிகள்.

2023-ம் ஆண்டில் கனடாவிலிருந்த இந்திய மாணவர்கள் பலர், தங்களை அழைத்துச் சென்ற கல்லூரி அனுமதிக் கடிதங்கள் போலியானவை என்ற காரணத்தால் வெளியேற்றப்படும் நிலைக்கு உள்ளாயினர். அவர்களுள் சிலர் படிப்பை முடித்து, நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் உண்மையை அறிந்தனர். நேர்மையாக வந்தவர்களைப் பிரித்தறிய அவ்வாண்டு ஜூனில் வெளியேற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. டிசம்பர் முதல் ஒவ்வொரு கடிதமும் கல்லூரியிடம் சரிபார்க்கப்பட வேண்டும் என்று கனடா விதித்தது. நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களுக்கு இது எத்தகைய பேரிடி என்பதை விளக்க வேண்டியதில்லை.

2025 பிப்ரவரி 5-ம் தேதி அமெரிக்க இராணுவ விமானம் ஒன்றில் 104 இந்தியர்கள் அமிருதசரஸுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சட்டபூர்வமான வழி எது, அது தமக்குத் திறந்துள்ளதா, திறக்கவில்லையெனில் பயணத்தைக் கைவிடுவதே நல்லதா என்று உள்ளபடி கூறுவோர் ஊர்ப்புறங்களிலும் கிடைத்தால், முகவரின் சொல்லை மட்டும் நம்பி ஏமாறுவோர் தொகை குறையும்.

வெளிநாட்டு அனுபவத்திலிருந்து மூன்று படிப்பினைகளை ஏற்கலாம். பணியின் கடினத்துக்கு ஏற்பத் தகுதியை வகுத்தல் ஒன்று. உரிமம் வழங்குமுன் செல்லும் நாட்டின் சட்டத்தில் தேர்வு வைத்தலும், பின்னர் தொடர் பயிற்சியை வற்புறுத்துதலும் மற்றொன்று. தம் தகுதிக்கு மீறிய வழக்கை உரியவரிடம் அனுப்புவதைக் கடமையாக்குதல் மூன்றாவது. இவற்றுக்கான பாடத்திட்டத்தை வகுக்கப் பல்கலைக்கழகங்களின் சட்டத் துறைகள் முன்வரலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களும் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களும் பயிற்சி பெற்றோரைப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

எல்லை கடந்து செல்பவர் தம் உடைமையில் பெரும் பகுதியையும், சில வேளைகளில் தம் உயிரையும் ஆலோசகர் ஒருவரின் சொல்லில் ஒப்படைக்கிறார். அச்சொல்லுக்குத் தகுதி கேட்பது அரசின் கடமை. அத்தகுதியைத் தேடிப் பெறுவதும் அதனை நாள்தோறும் புதுப்பிப்பதும் ஆலோசகரின் கடமை.